ஞாயிறுக்கும் ஞாயிறுக்கும் நடுவே: மறைக்கல்வியில் வாட்ஸ்அப்பும் யூடியூபும்

ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் ஒரு மணி நேரம். நம் பங்குகள் பெரும்பாலானவற்றில் மறைக்கல்விக்குக் கிடைப்பது அவ்வளவுதான். ஊர்த் திருவிழா, அரையாண்டுத் தேர்வு, மழை, உறவினர் வீட்டுத் திருமணம் என்று கழித்துக்கொண்டே போனால் மிஞ்சுவது இன்னும் குறைவு. ஒரு ஞாயிறு கற்றது அடுத்த ஞாயிறுவரை பிள்ளையின் மனத்தில் நிற்க வேண்டுமானால், நடுவில் வரும் ஆறு நாளில் வீட்டில் யாராவது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டும். வகுப்பில் நடந்ததைக் கைப்பேசி வழியே வீட்டுக்குள் கொண்டு சேர்ப்பது எப்படி என்பதே இந்த அத்தியாயம். சமூக ஊடகத்தால் மறைக்கல்விக்கு ஆகக்கூடிய பெரிய நன்மை இதுதான் என்பது என் உறுதியான கருத்து. மற்றவை எல்லாம் இதற்குத் துணை.

இந்த முறையை நமக்குக் காட்டித் தந்தவர் ஒருவர் இருக்கிறார். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். தமிழ் அறிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, தாம் முதலில் மனப்பாடம் செய்துகொண்டு, பிள்ளைகளைத் திருப்பிச் சொல்ல வைத்தார். கற்றதை வீட்டில் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக் கொடுக்கும்படி அவர்களை அனுப்பியதை 1544-இல் எழுதிய கடிதத்தில் அவரே விவரிக்கிறார். நோயாளிகள் கிடந்த வீடுகளுக்கும் பிள்ளைகளையே அனுப்பினார். பிறகு ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். பதினாறே பக்கமுள்ள மறைக்கல்வி நூல் அது. தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூலும் அதுவே. அச்சுப்பொறி என்ற புதுக் கருவி கைக்கு வந்ததும் நம் முன்னோர் அதை முதலில் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று ஒவ்வொரு மறைக்கல்வி ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும்.

சவேரியாரின் முறையில் மூன்று அம்சங்கள் இருந்தன: கேட்கும் குரல், மனப்பாடம், பிள்ளை வழியாக வீடு. கைப்பேசியில் நீங்கள் எதைச் செய்யத் தொடங்கினாலும், இந்த மூன்றில் எதற்கு அது உதவுகிறது என்று பாருங்கள். எதற்கும் உதவாவிட்டால் விட்டுவிடலாம்.

குழுவில் யார் இருக்க வேண்டும்?

பெற்றோர். பிள்ளைகள் அல்ல. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், பேஸ்புக் எல்லாமே 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் தாமாகக் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்கின்றன. நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களைப் பற்றிய தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். புதுநன்மை வகுப்புப் பிள்ளை ஒன்பது வயதுக் குழந்தை. அந்தக் குழந்தைக்கு ஆசிரியர் நேரடியாகச் செய்தி அனுப்பும் பழக்கத்தை நாம் தொடங்கிவைத்தால், நாளை வேறொரு பெரியவர் அனுப்பும் செய்தியையும் அது இயல்பானது என்று எடுத்துக்கொள்ளும்.

ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோரை ஒரு ஞாயிறு கூட்டி, தமிழில் அடித்த ஒரு தாளைக் கொடுங்கள். குழு எதற்கு, யார் நடத்துகிறார்கள், என்ன அனுப்பப்படும், பிள்ளையின் படம் எங்கே போகும், எங்கே போகாது என்று அதில் இருக்கட்டும். கையெழுத்து வாங்கிப் பங்கு அலுவலகத்தில் வையுங்கள். கூட்டத்தில் தாய்மார் சிலர் தயங்குவார்கள். குழுவில் சேர்ந்தால் தம் எண் முன்பின் தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடும் என்ற அவர்களின் பயம் நியாயமானது. வாட்ஸ்அப் குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியத்தான் செய்கிறது. அப்படித் தயங்குபவர்கள் பலர் என்றால் குழுவுக்குப் பதில் வாட்ஸ்அப் சேனல் தொடங்கலாம். அதில் பின்தொடர்பவரின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது. ஆனால் பெற்றோர் குரலில் பதில் வராது. முப்பது குடும்பம் உள்ள வகுப்புக்குக் குழு, முந்நூறு குடும்பம் உள்ள பங்குக்குச் சேனல் என்று வைத்துக்கொள்ளலாம்.

நிர்வாகிகள் இருவருக்குக் குறையாமல் இருக்கட்டும்: வகுப்பு ஆசிரியரும், அருள்சகோதரியோ மற்றோர் ஆசிரியரோ ஒருவரும். நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்ற அமைப்பை எப்போதும் வைத்திருந்து, வாரத்தில் ஒரு மாலை மட்டும் திறந்துவிடுங்கள். அன்பியக் கூட்ட அறிவிப்பு, பிறந்தநாள் வாழ்த்து, காலை வணக்கப் பூப்படம் எல்லாம் இந்தக் குழுவுக்குள் வரக் கூடாது. வந்தால் ஒரு மாதத்துக்குள் பெற்றோர் குழுவை மௌனமாக்கிவிடுவார்கள். அதன்பின் நீங்கள் அனுப்பும் நல்லதும் அவர்கள் காதுக்குப் போகாது.

எதை, எப்போது அனுப்புவது?

வாரத்துக்கு மூன்று செய்தி போதும். ஞாயிறு மாலை ஒன்று: இன்று வகுப்பில் என்ன கற்றோம் என்று இரண்டு வரி, கூடவே இரவுச் சாப்பாட்டின்போது பிள்ளையிடம் கேட்க ஒரு கேள்வி. “இன்று என்ன படித்தாய்?” என்று கேட்டால் “ஒன்றுமில்லை” என்றுதான் பதில் வரும். “ஊதாரி மகனுடைய அண்ணன் ஏன் வீட்டுக்குள் வர மறுத்தான்? அவன் கோபப்பட்டது சரியா?” என்று கேட்கச் சொன்னால் வீட்டில் பேச்சு தொடங்கும். தம்பிமேல் கோபத்தில் இருக்கும் அண்ணன் அந்த வீட்டிலேயே இருப்பான். கேள்வியை எழுத நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று செய்திகளில் அதிகம் உழைக்க வேண்டியது இதற்குத்தான்.

புதன்கிழமை குரல் செய்தி. என் அனுபவத்தில் கைப்பேசி நமக்குத் தந்திருக்கும் கருவிகளில் மறைக்கல்விக்கு மிகவும் ஏற்றது இதுவே. காணொளியைப் போல இடத்தை அடைக்காது. பழைய கைப்பேசியிலும் ஓடும். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் தாத்தாவும் கேட்கலாம். ஒரு நிமிடத்துக்குமேல் போக வேண்டாம். அந்த வாரம் மனப்பாடம் செய்ய வேண்டிய செபத்தையோ வசனத்தையோ நீங்களே நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு தொடருக்குப் பின்னும் பிள்ளை திருப்பிச் சொல்ல இடைவெளி விடுங்கள். பின்னணி இசை வேண்டாம். ஞாயிறு கேட்ட ஆசிரியரின் குரலே புதன்கிழமை வீட்டில் கேட்கும்போது பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

திறந்துவிடும் மாலையில் பதில் குரல் வரும். அதைப் பிள்ளை மட்டும் பேசி அனுப்பாமல், வீட்டில் இன்னொருவரோடு சேர்ந்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு வாரம் பாட்டி தான் சிறுவயதில் மனப்பாடம் செய்த பழைய வடிவில் அருள் நிறைந்த மரியே செபத்தைச் சொல்லட்டும். பேத்தி இப்போதைய வடிவில் சொல்லட்டும். இன்னொரு வாரம் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் அப்பாவின் முறை. நம் பங்குகளில் எத்தனை பிள்ளைகளின் அப்பா துபாயிலும் குவைத்திலும் இருக்கிறார்! அவரும் குழுவில் இருந்தால், ஆசிரியரின் குரல் செய்தியைத் தங்குமிடத்தில் கேட்டுவிட்டு, இரவு அழைக்கும்போது மகனிடம் அதைப் பற்றியே பேசலாம். வகுப்பறையால் ஒருபோதும் எட்ட முடியாத ஒரு தகப்பனை அந்த ஒரு நிமிடக் குரல் எட்டுகிறது. இதற்காகவே இந்த உழைப்பு முழுவதும் தகும்.

சனிக்கிழமை மாலை, மறுநாள் நற்செய்திப் பகுதியின் அதிகார வசன எண்ணை மட்டும் அனுப்புங்கள். முழுப் பகுதியையும் தட்டச்சு செய்து அனுப்பினால் வீட்டில் விவிலியத்தைத் திறக்க மாட்டார்கள். எண்ணை மட்டும் அனுப்பினால் பிள்ளை தேடி எடுக்கும்; மாற்கு எங்கே, லூக்கா எங்கே என்று விரல் பழகும். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்புதான் நம் வழிபாட்டிலும் வகுப்பிலும் இருக்கிறது. வசனப் படம் செய்து அனுப்பும் நாள்களில் அதே மொழிபெயர்ப்பிலிருந்து எடுங்கள். இணையத்தில் கிடைக்கும் படங்கள் பலவற்றில் வேறு மொழிபெயர்ப்பு இருப்பதால் பிள்ளைகள் மனப்பாடத்தில் குழம்புகிறார்கள்.

அனுப்பும் நேரம் ஊருக்கு ஊர் மாறும். பல வீடுகளில் ஒரே கைப்பேசி. அது அப்பாவோடு வேலைக்குப் போய் இரவில்தான் திரும்பும். கடற்கரைக் கிராமத்தில் விடியுமுன் தொழிலுக்குப் போகிறவர் இரவு சீக்கிரம் படுத்துவிடுவார். பெற்றோரிடம் கேட்டு நேரத்தை முடிவு செய்யுங்கள். இரவு ஒன்பதுக்குமேல் எதுவும் வேண்டாம்.

காணொளி

இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஆசிரியர்கள் அளவுக்கு மீறி ஆசைப்படும் இடம் இது. மூன்று நிமிடக் காணொளி எடுத்துத் தொகுக்க ஒரு சனிக்கிழமை முழுவதும் போய்விடும். அந்த நேரத்தில் இரண்டு வீடுகளைச் சந்திக்கலாம். காணொளி தேவைப்படும் பாடங்கள் சில உண்டு: சிலுவை அடையாளம் போடும் முறை, நற்கருணை வாங்கும்போது கைகளை வைத்துக்கொள்ளும் முறை, செபமாலை மணிகளின் வரிசை. இவற்றை ஒருமுறை எடுத்துவைத்தால் ஆண்டாண்டுக்கும் பயன்படும். கைகளை மட்டும் படம் பிடித்தால் போதும்.

யூடியூபில் ஏற்றும்போது ‘குழந்தைகளுக்கானது’ என்று குறியுங்கள். அப்படிக் குறித்தால் பின்னூட்டப் பகுதி மூடப்படும்; பார்ப்பவரைப் பின்தொடரும் விளம்பரமும் வராது. இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி வைக்கும் வசதியும் உண்டு. வகுப்புக் காணொளிக்கு அது போதும். பிரபலமான பக்திப் பாடலைப் பின்னணியில் சேர்க்காதீர்கள். பாடல் உரிமையாளரின் கோரிக்கை தானாகவே வந்து விழும், காணொளி முடக்கப்படலாம். பிள்ளைகளே பாடினாலும் மெட்டு உரிமை வேறொருவருடையது என்பதை மறக்க வேண்டாம்.

கிறிஸ்துமஸ் நாடகப் படங்களைப் பெற்றோர் குழுவுக்குள் மட்டும் பகிருங்கள். பங்கின் பொதுப் பக்கத்தில் போடுவதானால் பிள்ளையின் பெயர், பள்ளிச் சீருடை, வீட்டு அடையாளம் எதுவும் சேர்ந்து தெரியாதபடி பாருங்கள்.

பதின்பருவத்தினர்

உறுதிபூசுதலுக்குத் தயாராகும் பிள்ளைகள் ஏற்கனவே இன்ஸ்டாகிராமில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலும் ஒரு ரீல்ஸ் அனுப்பினால் நூற்றோடு நூற்றொன்றாக விரலால் தள்ளிவிடுவார்கள். ஆகவே அவர்களைப் பார்வையாளராக வைக்காமல் படைப்பவராக ஆக்குங்கள். கார்லோ அக்குதிஸ் இங்கே நல்ல துணை. 1991-இல் லண்டனில் பிறந்து, இத்தாலியின் மிலானில் வளர்ந்து, 2006-இல் பதினைந்து வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த அந்தப் பையன், நற்கருணைப் புதுமைகளைத் தேடித் தொகுத்து இணையதளமாக அமைத்தவன். 2025 செப்டம்பர் 7-ஆம் தேதி அவனுக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. கணினி விளையாட்டில் அவனுக்கு ஆசை இருந்தது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தனக்குத்தானே வரம்பு வைத்துக்கொண்டான். அவன் படத்தை மாட்டிவைப்பதோடு நில்லாமல், அவன் செய்த வேலையை நம் பிள்ளைகளும் செய்யலாம்.

அவன் உலகம் முழுதும் தேடினான். நம் பிள்ளைகள் தம் ஊரைத் தேடட்டும். நம் கோவில் எந்த ஆண்டு கட்டப்பட்டது? தேர் யார் செய்தது? கொடிமரத்துக்கு மரம் எங்கிருந்து வந்தது? கல்லறைத் தோட்டத்தில் மிகப் பழைய கல்வெட்டு எது? பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில் முதல் பெயர் எந்த ஆண்டு எழுதப்பட்டது? பங்குத்தந்தையின் அனுமதியோடு பதிவேட்டைப் பார்க்கலாம். பெயர்களை வெளியிடக் கூடாது, ஆண்டைச் சொல்லலாம். ஊரில் மூத்தவர்களை உட்கார வைத்து, அவர்களின் இளமையில் தவக்காலச் சிலுவைப்பாதை எப்படி நடந்தது, பாஸ்கா நாடகத்தில் யூதாசாக நடிக்க யார் சம்மதித்தார்கள் என்று கேட்டுப் பதிவு செய்யலாம். ஒவ்வொன்றும் ஒரு நிமிடக் காணொளி ஆகும். பங்கின் கணக்கிலிருந்து, பெரியவர் ஒருவர் பார்த்தபின் வெளியிடுங்கள். பிள்ளைகளின் சொந்தக் கணக்கு எதுவும் இதில் இழுக்கப்பட வேண்டாம்.

கன்னியாகுமரி மாவட்டத்துப் பங்குகளுக்கு இன்னும் நெருக்கமான பொருள் ஒன்று உண்டு. நட்டாலத்தில் 1712-இல் பிறந்த தேவசகாயம், 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1752 ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். 2022 மே 15-ஆம் தேதி புனிதராக அறிவிக்கப்பட்டார். அந்த ஊர்களுக்குப் பேருந்தில் போய்வரலாம். ஒரு குழு நட்டாலம், ஒரு குழு வடக்கன்குளம், ஒரு குழு காற்றாடிமலை என்று பிரிந்து போய் எடுத்து வரட்டும். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்தார்க்கு அருளானந்தர் 1693-இல் உயிர் கொடுத்த ஓரியூர் இருக்கிறது. நடந்து போய்ப் பார்த்து, கேட்டு, எழுதி, தப்பைத் திருத்தி வெளியிடும்போது அந்தப் பையனும் பெண்ணும் கற்பது, பாடநூலின் ஒரு பக்கத்தைப் பத்து முறை படித்தாலும் வராது.

பரவிவரும் செய்திகளும் எட்டாம் கட்டளையும்

இந்தச் செபத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும், அனுப்பாவிட்டால் கேடு வரும் என்ற செய்தி உங்கள் குழுவுக்குள்ளும் ஒருநாள் வரும். திருத்தந்தை சொல்லாததைச் சொன்னதாக ஒரு படம் வரும். வேறொரு சமயத்தாரை இழித்துப் பேசும் காணொளியும் வரும். நீக்கிவிட்டுப் போவதோடு நிறுத்தாமல், அதையே அடுத்த ஞாயிறு பாடமாக எடுங்கள். பொய்ச்சான்று சொல்லாதிருப்பது பற்றிய எட்டாம் கட்டளைக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. திருத்தந்தை பிரான்சிஸ் 2018-ஆம் ஆண்டு உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியைப் பொய்ச் செய்திகளைப் பற்றியே எழுதினார். ஏதேன் தோட்டத்துப் பாம்பின் பேச்சைப் பொய்ச் செய்தியின் தொடக்கமாக அதில் காட்டுகிறார். பெரிய வகுப்புக்கு அதைப் படித்துக் காட்டலாம்.

செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பலமுறை கைமாறி வந்தது என்று பொருள். அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020-இல் வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. அந்தக் குறியைப் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். அவர்கள் வீட்டில் பாட்டிக்குக் கற்றுக்கொடுப்பார்கள். திருத்தந்தை சொன்னதாக வருவதை வத்திக்கான் செய்திகள் தமிழ்ப் பக்கத்தில் தேடச் சொல்லுங்கள். மற்றச் சமயத்தாரைப் பற்றியது என்றால் ஒரு கேள்வி போதும்: இதை எதிர்வீட்டு மாமா முன்னால் போட்டுக் காட்ட உனக்கு மனம் வருமா? ஆசிரியரின் சொந்த ஸ்டேட்டஸையும் பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே ஒரு வெறுப்புக் காணொளி இருந்தால் ஞாயிறு வகுப்பில் அன்பைப் பற்றி நீங்கள் சொல்வது எடுபடாது.

கைப்பேசி எட்டாத இடங்கள்

ஒவ்வொரு வகுப்பிலும் கைப்பேசி இல்லாத, அல்லது ரீசார்ஜ் தீர்ந்துபோன வீட்டுப் பிள்ளை இருக்கும். குழுவில் மட்டும் சொல்லப்பட்டு வகுப்பில் சொல்லப்படாத எதுவும் இருக்கக் கூடாது. வாரக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள். அந்த வீட்டுக்கு ஆசிரியரோ அன்பியத்தில் ஒருவரோ நேரில் போகட்டும். “நேற்றுக் குழுவில் பார்த்தீர்களா?” என்று வகுப்பில் கேட்கவே கேட்காதீர்கள். பார்க்க முடியாத பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும்.

அருளடையாளங்கள் இணையத்தில் இல்லை என்பதைத் திருச்சபை 2002-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. 2020-இல் கோவில்கள் மூடியிருந்தபோது திரையில் திருப்பலி கண்டது தேவையால் நேர்ந்தது. திரையில் பார்த்தால் போதும் என்று எண்ணும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு நேரலை இணைப்பை அனுப்பாமல், ஞாயிறு பூசைக்கு வரும்படி வீடு தேடிப் போய் அழையுங்கள். நோயாளிகளுக்கும் முதியோருக்கும் நேரலை பெரிய ஆறுதல், அவர்களுக்கு அனுப்புங்கள்.

இன்னொன்றும் நடக்கலாம். எவ்வளவு விதி வகுத்தாலும், ஒரு பிள்ளை என்றாவது ஓர் இரவு உங்கள் எண்ணுக்குத் தன் துன்பத்தை எழுதக்கூடும். வீட்டிலோ வெளியிலோ தன்னிடம் யாரோ தவறாக நடந்துகொண்டதாக எழுதக்கூடும். அந்தச் செய்தியை அழிக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், நீங்களே விசாரணை நடத்தாதீர்கள். “சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை, நான் துணையாக இருக்கிறேன்” என்று பதில் எழுதிவிட்டு, உடனே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குற்றம் சாட்டப்படுபவர் பங்கில் எந்தப் பொறுப்பில் இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை. ஆசிரியர் பயிற்சியின் முதல் நாளிலேயே இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஆண்டு முடிவில்

ஏப்ரலில் வகுப்பு முடிந்ததும் குழுவையும் முடியுங்கள். ஒரு வாரம் முன்பே அறிவித்து, வேண்டிய குரல் செய்திகளையும் படங்களையும் பெற்றோர் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு உறுப்பினர்களை விடுவித்து, உங்கள் கைப்பேசியிலுள்ள பிள்ளைகளின் படங்களை அழித்துவிடுங்கள். செபங்களைச் சொன்ன உங்கள் சொந்தக் குரல் பதிவுகளை மட்டும் அடுத்த ஆசிரியருக்காகச் சேமித்து வையுங்கள். ஜூனில் பழைய குழுவின் பெயரை மாற்றிப் பயன்படுத்தும் பழக்கம் வேண்டாம். அதில் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களும், எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டவர்களும் இருப்பார்கள். புதிய வகுப்பு, புதிய பெற்றோர் கூட்டம், புதிய ஒப்புதல் தாள் என்று முதலிலிருந்து தொடங்குங்கள்.